எத்தனாவது வெற்றி? குமரி மாவட்டத்தில் நான்கு நாள்

முதல் நாள், புதன்: முனை

நாகர்கோவிலில் ரயிலை விட்டு இறங்கி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சரியாக விடியக்கூட இல்லை. குளித்துவிட்டு உட்கார்ந்ததும் இட்லி வந்தது. இட்லி வைத்திருந்த தட்டு என்னுடையது. எவர்சில்வர் தட்டு, விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: 'பேச்சுப் போட்டி, முதல் பரிசு, 1988'. அம்மா காலத்துப் பாத்திரங்களோடு சேர்ந்து அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறது.

"தட்டைப் பாத்தியா? அந்தப் பேச்சை இவனுக்கு எழுதிக் குடு. வாற திங்கக்கிழமை போட்டி. தலைப்பும் அதேதான், குளச்சல் போர்" என்றாள் அக்கா.

மருமகன் ஒன்பதாம் வகுப்பு. அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் சட்னியைப் பார்த்தேன். குளச்சல் போர் என்பது 1741-ல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை, எங்கள் பக்கத்துக் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அந்தப் பேச்சின் முதல் வரி எனக்கு இன்னும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஆசியாக் கண்டத்திலேயே முதன்முதலாக ஓர் ஐரோப்பிய வல்லரசை மண்டியிட வைத்த மண், நம் குளச்சல் மண்!" அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துவேன். கைதட்டல் வரும்.

அந்த வரி தப்பு. தப்பென்று எனக்குத் தெரிந்தே பதினைந்து வருஷம் இருக்கும். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. "நாலு நாள் இருப்பேன்ல, எழுதித் தாறேன்" என்று சொல்லிவிட்டு அத்தானோடு பஸ் ஏறினேன்.

அத்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கன்னியாகுமரிக்குப் போவதென்றால் அவருக்கு மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி, எத்தனை முறை போனாலும் வேட்டி மடிப்புக் கலையாது. கார்த்திகை பிறந்துவிட்டதால் ஊர் முழுக்கக் கறுப்பு வேட்டிகள். படகுக்கு நின்ற வரிசை காந்தி மண்டபத்துப் பக்கம் வரை நீண்டிருந்தது. சங்கு, பாசி மாலை விற்கிற கடையில் ஒருவர் பொட்டலம் பொட்டலமாக வண்ண மணல் வைத்திருந்தார். தேவியின் கல்யாணம் நின்றுபோனதால் விருந்துக்கு ஆக்கிய சோறும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது கதை. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இதே கரையில் மேற்கே போனால் மணவாளக்குறிச்சியில் இந்த மணலைப் பிரித்தெடுக்க அரசு ஆலையே இருக்கிறது. சின்ன வயதில் இந்தப் பொட்டலத்தை வீட்டில் வைத்திருந்தேன். அதில் சோறு எது, பருப்பு எது என்று நானும் அக்காவும் சண்டை போட்டிருக்கிறோம்.

முக்கடல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு கோடு போட்டு வைத்திருக்கிற எல்லைப்படி, வங்காள விரிகுடா ஆதம் பாலத்தோடு நின்றுவிடுகிறது. குமரிமுனையில் நம் காலை நனைப்பது லட்சத்தீவுக் கடல். இதை அங்கே நின்று ஒரு குடும்பத்திடம் சொல்லிப் பார்த்தேன். "அப்போ அந்தக் கலர் வித்தியாசம்?" என்று அந்த அம்மா தண்ணீரைக் காட்டினார். மேகம் போட்ட நிழல்தான். ஆனால் அவர் மூன்று கடலையும் பார்த்துவிட்டார், போட்டோவும் எடுத்துவிட்டார். சரி என்று விட்டுவிட்டேன்.

படகில் பாறைக்குப் போய், கண்ணாடிப் பாலத்தில் நடந்து, வள்ளுவர் காலடிக்கு வந்தோம். 77 மீட்டர் நீளம். கீழே பார்க்காமல் நடந்தால் வெறும் பாலம், பார்த்தால் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. பாறையில் ஒரு வழிகாட்டி, விவேகானந்தர் படகுக்குக் காசில்லாமல் நீந்தி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1892 டிசம்பரில் இங்கே வந்ததைப் பற்றி அவரே 1894-ல் சிகாகோவிலிருந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இந்தியாவின் கடைசிப் பாறைத் துண்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு திட்டம் தோன்றியது என்கிறார். அந்த இடத்தில் நீச்சலைப் பற்றிப் பேச்சே இல்லை. நீந்தியிருக்கலாம், நீந்தாமலும் இருக்கலாம். கேட்பவர்களுக்கு நீச்சல்தான் பிடித்திருக்கிறது.

வள்ளுவர் காலடியில், தெற்கே பார்த்த ஓரத்தில் நின்று அத்தான் சிலப்பதிகாரத்தைத் தொடங்கினார். "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள..." காற்றில் பாதி போய்விட்டது. "இந்தா இந்தப் பக்கம்தான் மாப்ளே. எழுநூறு காவதம். உரை எழுதின அடியார்க்கு நல்லார் கணக்குப் போட்டு வச்சிருக்காரு. ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, மொத்தம் 49 நாடு. எல்லாம் உள்ள போயிட்டு."

அத்தான் வகுப்பில் கரும்பலகையில் வரைகிற வரைபடம் பிரசித்தம். இந்தியாவின் வாலில் தொடங்கி மடகாஸ்கர் வரைக்கும் ஒரு பக்கம், ஆஸ்திரேலியா வரைக்கும் இன்னொரு பக்கம், நடுவில் பெரிய எழுத்தில் லெமூரியா. முப்பது வருஷம் வரைந்திருக்கிறார்.

அந்தப் பேர் ஒரு விலங்கின் பேர். 1864-ல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு குழப்பம். மடகாஸ்கரில் லெமூர் ஏகமாக இருக்கிறது. அதன் உறவுக்காரர்கள் ஆப்பிரிக்காவில் கொஞ்சம், இந்தியாவில் கொஞ்சம். நம் காட்டுத் தேவாங்கும் அந்தச் சொந்தத்தில் ஒன்று. நடுவில் இவ்வளவு பெரிய கடல் கிடக்க, இவை எப்படிப் போய்வந்தன? முன்பு அங்கே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பேர் வைத்தார். கண்டங்களே நகரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிற்பாடு தெரிந்தது. இந்தியாவே மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து வடக்கே வந்த நிலம்தான். பிரிந்து ஏறத்தாழ ஒன்பது கோடி வருஷம். மனிதன் என்ற பிறவியே இல்லாத காலம். குழப்பம் தீர்ந்ததும் அறிவியல்காரர்கள் லெமூரியாவை எடுத்து மூலையில் போட்டுவிட்டார்கள். அதற்குள் நாம் எடுத்துக்கொண்டோம்.

இதை நான் சொல்லச் சொல்ல அத்தான் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "பேரு வச்சது வெள்ளைக்காரன். இடத்தைச் சொன்னது இளங்கோவடிகளாக்கும்" என்றார்.

"அதுல கடல் நிலத்தைக் கொண்டதுன்னுதான இருக்கு அத்தான்? கண்டம்னு எங்க இருக்கு?"

"கந்தபுராணத்துல 'குமரி கண்டம்' வருதே."

"வருது. அது பாரதத்தோட ஒம்பது பிரிவுல ஒண்ணுன்னு..."

"தெரியும்லா. நாந்தான உனக்குச் சொல்லித் தந்தேன். அதுல அது மூழ்கவும் இல்ல" என்று சிரித்தார். தெரிந்துதான் வரைந்திருக்கிறார், முப்பது வருஷமும். எனக்குக் கோபம் வரவில்லை. என் தட்டு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் சின்னமுட்டம் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்காரரோடு பேச்சுக் கொடுத்தேன். குமரிக்குத் தெற்கே 'வெட்ஜ் பேங்க்' என்று ஒரு மீன்பிடி மேடு இருக்கிறது. ஏறத்தாழ பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு, நல்ல மீன். இலங்கையோடு போட்ட 1976 ஒப்பந்தத்தில் அதன் மேலான உரிமை இந்தியாவுக்கு என்று ஆனது. "அங்கெல்லாம் முப்பது பாகம், நாப்பது பாகத்துலயே தரை தட்டும் அண்ணாச்சி. அதுக்கப்புறம்தான் பொசுக்குனு இறங்கும்" என்றார், வலையில் சிக்கிய நண்டின் காலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே. ஒரு பாகம் என்பது ஏறத்தாழ ஆறடி. இருபதாயிரம் வருஷத்துக்கு முன் பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்படியென்றால் அந்த மேட்டில் பெரும்பகுதி வெயிலில் காய்ந்த நிலம். ஆளும் நடந்திருக்கலாம். பிறகு சில ஆயிரம் வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. ஆஸ்திரேலியா வரைக்குமான கண்டமும் இல்லை, அதில் உட்கார்ந்து 89 பாண்டியர்கள் சங்கம் வளர்க்கவும் இல்லை. ஆனால் ஒரு நிலம் போனது நிஜம். 2004 டிசம்பரில் மணக்குடிப் பாலம் போன விதத்தைப் பார்த்த ஊரில் நின்று, 'கடல் கொண்டது' என்ற சொல்லைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அத்தானிடம் வெட்ஜ் பேங்கைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்போ படத்தைச் சின்னதா வரையணும்ங்க" என்றார். அவ்வளவுதான் இறங்கி வந்தார். அதுவே பெரிது.

இரண்டாம் நாள், வியாழன்: சுசீந்திரம்

இன்றைக்குச் சுருக்கமாக. ராத்திரி முழுக்க மழை, காலையில் பஸ்ஸில் ஒருவர் குடை என் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது.

தாணுமாலயன் கோவிலில் எனக்குப் பிடித்தது இசைத்தூண்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். அதற்குப் பிறகு பதினெட்டு அடி ஆஞ்சநேயர். வெண்ணெய் சாத்தி, வடை மாலை போட்டு, கூட்டம் அங்கேதான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "திப்பு சுல்தான் இங்க வந்தப்போ சிலையை உடைச்சுருவான்னு மண்ணுக்குள்ள புதைச்சு வச்சாங்க மக்கா. அப்புறம் தோண்டி எடுத்தது."

பயந்து புதைத்தார்கள் என்பது நடந்திருக்கலாம். திப்பு இங்கே வந்தார் என்பதுதான் நடக்காதது. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு திருவிதாங்கூர் எல்லையின் நெடுங்கோட்டையைத் தாக்கி அடிபட்டுப் பின்வாங்கினார். 1790-ல் மறுபடி வந்து அதை உடைத்து ஆலுவா வரை இறங்கினார். அங்கே பெரியாறு வெள்ளம், பின்னால் ஆங்கிலேயப் படை. திரும்பிப் போய்விட்டார். ஆலுவாவுக்கும் சுசீந்திரத்துக்கும் நடுவே இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டுக்குள் உண்மையிலேயே புகுந்து ஆட்டம் போட்ட படை ஒன்று உண்டு. 1740 வாக்கில் சந்தா சாகிப் தலைமையில் ஆற்காட்டிலிருந்து வந்தது. சந்தா சாகிப் பேரை அந்தக் கோவிலில் நான் கேட்டதே இல்லை. ஊர்க் கதைகளில் இப்படி ஒன்று நடக்கிறது. யார் பேர் ஊருக்குப் பழகியிருக்கிறதோ அவர் தலையில் மற்றவர் கணக்கும் ஏறிவிடும். நல்ல காரியம் என்றால் ராஜராஜன், நாயக்கர். கெட்டது என்றால் திப்பு, மாலிக் காபூர். எங்கள் பக்கத்துக் கோட்டை எல்லாவற்றுக்கும் கட்டியவர் மார்த்தாண்ட வர்மா, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் செங்கல்லைத் தொட்டதே இல்லை போல.

பெரியவரிடம் சொல்லவில்லை. பேரன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். என் கோழைத்தனம்தான்.

திரும்பும் வழியில் நாகராஜா கோவில். நாகர்கோவிலுக்குப் பேர் தந்த கோவில். அங்கே தூணில் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சமணப் பண்டிதர்களுக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. தலைக்கு மேல் படமெடுத்த பாம்போடு நிற்கும் பார்சுவநாதரைப் பார்த்து, "இது நாகராஜாவோட இன்னொரு ரூபம்" என்றார் கும்பிட்டு நின்ற ஒருவர். எதிரே ஒரு கடையில் ரசவடை. நான்கு சாப்பிட்டேன். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ரசவடை நாகர்கோவிலில்தான் ரசவடை.

மூன்றாம் நாள், வெள்ளி: மழையும் பெரியம்மாவும்

சிதறால் மலை ஏறுவதாகத் திட்டம். மழை விடவில்லை. இரணியலில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். எண்பத்து நான்கு வயது. கண் கொஞ்சம் மங்கல், காது தீர்க்கம். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு. மேலே ஓட்டுக்கூரையில் மழை, கீழே நாங்கள் இரண்டு பேர்.

பேச்சு எப்படியோ பெரியம்மாவின் பாட்டியின் பாம்படத்தில் தொடங்கி, அந்தக் காலத்துப் பெண்கள் உடுத்தியதற்கு வந்தது. பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வீட்டில் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை என்றாலும். "அளவெடுத்து வரி போட்டான் மக்கா. பெரிசா இருந்தா கூட, சின்னதா இருந்தா கொறைய. ஒருத்தி அதை அறுத்து இலையில வச்சுக் குடுத்துட்டா. இங்கதான், பக்கத்துல."

அந்தக் கதை சேர்த்தலையில் நடந்ததாகச் சொல்லப்படுவது. இங்கிருந்து அது வெகு வடக்கே. அளவெடுத்துப் போட்ட வரி என்பதும் சரியில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல் திருவிதாங்கூர் அரசு போட்டிருந்த தலைவரிக்கு ஆணிடம் தலைக்கரம் என்று பேர், பெண்ணிடம் முலைக்கரம் என்று பேர். ஆள் கணக்கு வரி. மார்பை மறைப்பதற்கான அனுமதிக் கட்டணமும் இல்லை. பேரைக் கேட்டுப் பிற்காலத்தவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா கிழங்கின் நாரை உரித்து ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல ஒருத்தன் இதையேதான் சொன்னான். டவுண்காரன், படிச்சவன். அளவு வரி பொய்யின்னான். சரி, பொய்யி. அடுத்த வாக்கியம் என்ன சொன்னான் தெரியுமா? அப்போ மகாராஜா காலம் நல்லாத்தான் இருந்துருக்குன்னான்."

எனக்குப் பதில் வரவில்லை. நான் முதல் வாக்கியத்தோடு நிறுத்துகிறவன் என்று பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கதையைக் கையை விட்டால் கூடவே வேறொன்றும் நழுவிவிடும் என்று அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அவள் பார்த்த ஆட்கள் அப்படி.

பிறகு நடந்ததைச் சொன்னேன். வரியை விட்டுவிடுவோம் பெரியம்மா, சீலையைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடத் தொடங்கினார்கள். சந்தையில் கிழித்தார்கள், அடித்தார்கள். கிறிஸ்தவக் கோவிலும் பள்ளிக்கூடமும் எரிந்தன. கல்குளம், இரணியல் பக்கம் 1820களில் ஒரு சுற்று. 1829-ல் அரசு ஓர் அறிவிப்பு போட்டு இன்னும் இறுக்கியது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் மறுபடி கலவரம். சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா அரசாணை வெளியிட்டார். எங்கள் ஊர்ப் பள்ளியில் இதை 'உரிமை கிடைத்த நாள்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். ஆணையில் இருப்பதை நான் பின்னால்தான் படித்தேன். நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

பெரியம்மா அந்தக் கடைசி வரியை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அவளை மாதிரி மட்டும் கூடாது" என்று தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இதை எழுதி, முத்திரை குத்தி, ஊர் ஊரா வாசிச்சிருக்கான். இதுக்கு மேல டேப்பு வேற எதுக்குல?"

சிறிது நேரம் கழித்து, "ஆனா அந்த இலைக் கதையை நான் விடமாட்டேன், கேட்டியா" என்றாள். "சேர்த்தலைக்காரின்னு வேணா சொல்லிக்கிடுகேன்."

மழை மூன்று மணிக்கு விட்டது. கிளம்பும்போது ஒரு மட்டிப்பழச் சீப்பைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். பஸ்ஸிலேயே பாதி காலி.

நான்காம் நாள், சனி: உதயகிரி, பத்மநாபபுரம், குளச்சல்

இன்று மருமகனுக்கு லீவு. பேச்சுக்கு 'நேரில் பார்த்த குறிப்பு' வேண்டும் என்று அவனும் வந்தான். அத்தானும். காலையில் அக்கா தட்டிலேயே தோசை வைத்து, "எழுதிட்டியா?" என்றாள். "இன்னைக்கு ராத்திரி" என்றேன்.

புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. உள்ளே இப்போது வனத்துறைப் பூங்கா. மான்கள், ஒரு மீன் தொட்டி, ஊஞ்சலில் காதலர்கள். கொஞ்சம் நடந்தால் கூரை போன ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோவில். அதற்குள் டிலனாயின் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். பக்கத்தில் அவர் மனைவிக்கும் மகனுக்கும் கல்லறைகள். மருமகன் தமிழ் எழுத்தை விரலால் தடவித் தடவிக் கூட்டிப் படித்தான். பாசி பிடித்திருந்ததால் விரல் பச்சையாகிவிட்டது. 1777-ல் இறந்திருக்கிறார்.

"டச்சு அட்மிரல்தான மாமா? எங்க சார் சொன்னாரு."

என் 1988 பேச்சிலும் அட்மிரல்தான். 'கப்பற்படைத் தளபதி டிலனாய்' என்று கையை நீட்டுவேன். யூஸ்டேஷியஸ் டிலனாய் பிறந்தது இன்று பிரான்ஸில் இருக்கிற அராஸ் ஊரில். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் வேலைக்குச் சேர்ந்த ஆள், அட்மிரல் எல்லாம் கிடையாது. குளச்சலில் பிடிபட்ட பிறகு மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்தார். படைக்குப் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், பீரங்கி வார்த்தார், 'வலிய கப்பித்தான்' ஆனார். முப்பத்தாறு வருஷம். பிடிபட்ட சிப்பாய் ஒருவர், தன்னைப் பிடித்த அரசரின் படைக்கே பெரிய கப்பித்தான் ஆனது எனக்கு அட்மிரல் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நாம் ஜெயித்தது ஒரு சிப்பாயை என்றால் பேச்சுப் போட்டிக்கு எடுபடாது. அதனால் அவருக்குப் பதவி உயர்வு நாமே கொடுத்துவிட்டோம்.

பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைகிற படம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் தலைமுறைக்கே அந்தப் போர் மனதில் பதிந்தது. அரண்மனையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, டிக்கெட் கேரள அரசினுடையது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தபோது மண் வந்தது, வீடு அவர்களிடமே நின்றுவிட்டது. உள்ளே கால் வைத்தால் அந்தக் கறுப்புத் தரை, முகம் பார்க்கலாம். சுரங்கப் பாதையையும் கேட்டாயிற்று. எங்கள் மாவட்டத்தில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் அங்கிருந்து பத்மநாபபுரத்துக்கு ஒரு சுரங்கம் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தக்கலைக்குக் கீழே எலி வளை மாதிரிதான் இருக்க வேண்டும்.

குளச்சலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. கடற்கரைக்குக் கிட்டே வெற்றித் தூண். அதன் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்து நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தோம். கருவாட்டு வாசம். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தொடங்கினேன்.

"மக்கா, முதல்ல இது கடல் போர் இல்ல. டச்சுக்காரங்களுக்குக் கப்பல் இருந்தது, நம்மகிட்ட இல்ல. அவங்களுக்கு வேண்டியது மிளகு. கரையில இறங்கி, மரத்தால அரண் கட்டி உள்ள இருந்தாங்க. நம்ம படை சுத்தி வளைச்சு நின்னுது. அவங்க தலைமையிடமான பத்தேவியாவிலிருந்து பெரிய படை வந்திருந்தா கதை வேற. ஆனா ஜாவாவுல அவங்களுக்கே சண்டை, அனுப்ப முடியல. கடைசியில வெடிமருந்துக் கிடங்குல தீப்பிடிச்சு, அரிசியும் போச்சு. 1741 ஆகஸ்ட்ல சரணடைஞ்சாங்க."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், கேட்காமலே சேர்ந்துகொண்டார். "எங்காளுங்க துடுப்பைத் தோள்ல சாத்திக்கிட்டு வரிசையா நின்னாங்க. தூரத்துலருந்து பாத்தா துவக்கு மாதிரி இருக்கும்லா. டச்சுக்காரன் பயந்துட்டான்." எனக்கு அதை மறுக்க மனம் வரவில்லை. அரசர் படையைப் பற்றி எழுதியவர்கள் மீன்பிடிக்கிறவர்களை எழுதாமல் விட்டிருக்கலாம். அவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள், துடுப்பால்.

"அப்புறம், 'ஆசியாவிலேயே முதல்' அது..." என்று இழுத்தேன்.

அத்தான் சிப்ஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தைவான்ல இதே கம்பெனிக்கு ஒரு கோட்டை இருந்தது, ஜீலாந்தியா. செங் செங்கோங்னு ஒரு சீனத் தளபதி ஒம்பது மாசம் முற்றுகை போட்டு 1662-ல பிடிச்சுட்டாரு. நமக்கு 79 வருஷம் முன்னால. இன்னும் பக்கத்துல, எதிர்க்கரையில, 1630-ல ரந்தெனிவெலவுல கண்டிக்காரங்க போர்த்துகீசியப் படையையும் அதோட தளபதியையும் முடிச்சாங்க. 1638-ல கன்னொருவையில மறுபடி. இதுக்கு அப்புறமும் கொச்சி 1795 வரைக்கும் டச்சுக்காரங்ககிட்டதான் இருந்தது. 1753-ல மாவேலிக்கரையில ஒப்பந்தம் போட்டுத்தான் திருவிதாங்கூரோட சண்டை ஓய்ஞ்சுது."

சொல்லி முடித்ததும் நாக்கு வறண்டுவிட்டது. பதினைந்து வருஷம். அத்தானிடம் லெமூரியாவையும் பெரியம்மாவிடம் முலைக்கரத்தையும் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். இதைச் சொல்லும்போது மட்டும் என்னிடமிருந்து யாரோ தட்டைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

அத்தான் வஞ்சம் தீர்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை, எனக்காக வாதாடத் தொடங்கினார். "இந்தியாவிலேயே முதல்னு சொல்லலாம்லா?"

"1632-ல ஷாஜகான் படை ஹூக்ளியில போர்த்துகீசியரை விரட்டிட்டே அத்தான்."

"தென்னிந்தியாவில?"

"யோசிக்கணும்."

"டச்சுக்காரனை, தென்னிந்தியாவில, கரையில வச்சு..." என்று அத்தான் விரல் விட்டு எண்ணினார்.

மருமகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ நாம எத்தனாவது மாமா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. அலை வந்து கரையில் கிடந்த ஒரு கயிற்றை இழுத்துப் போனது, மறுபடி கொண்டுவந்து போட்டது. வலைக்காரரும் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு செய்யலாம்" என்றான் பையன், பொட்டலத்தின் அடியில் இருந்த தூளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு. "குளச்சல்லயே முதல் தடவைன்னு போட்டுரலாம். அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாதுல்லா?"

வலைக்காரர் சிரித்தார். அத்தான் உடனே அதைச் செந்தமிழில் மாற்றிச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், மூச்சு நிறுத்துகிற இடம் உட்பட. ராத்திரி அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.